ஒரு ஃபைல் சிஸ்டம் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பி வந்த வரலாறு



இன்றைய பதிவு நீளமானது. காபி டம்ளரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில். "சார், நாங்க ஃபைல் எல்லாம் வச்சிருக்கிற சாஃப்ட்வேருக்கு கம்பெனி சப்போர்ட்டை நிறுத்தப் போறாங்களாம். ஓப்பன் சோர்ஸுக்கு மாறிடலாமான்னு கமிட்டியில கேக்கறாங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்றார். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? இதே கேள்வியை அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கேட்டுக்கொண்டன. அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அந்தத் தம்பியின் திட்டத்தில் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும்.

கணினிப் பழக்கம் இல்லாத சித்தப்பா, அத்தைமார்களும் படிப்பீர்கள் என்பதால் முதலில் ஒரு வார்த்தை. ஃபைல் சிஸ்டம் என்பது பள்ளி அலுவலகத்தின் பதிவேட்டு அறை மாதிரி. எந்த மாணவனின் மாற்றுச் சான்றிதழ் எந்த பீரோவில், எந்தத் தட்டில் இருக்கிறது, அதை யார் எடுக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதையெல்லாம் நிர்வகிக்கிற ஏற்பாடு. ஒரே கணினிக்குள் இருந்தால் அது எளிய வேலை. ஒரு பல்கலைக்கழகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் இருந்து, எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் ஃபைல் அவரவர் முன்னால் வரவேண்டும் என்றால் அதுதான் கஷ்டம். இன்று கூகுள் டிரைவ் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. 1982-இல் இது கனவு.

அந்தக் கனவைக் கண்டது பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அதன் தலைவர் ரிச்சர்ட் சையர்ட், மாணவர்கள் எல்லோர் கைக்கும் சக்திவாய்ந்த கணினி எட்டவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஐபிஎம் நிறுவனத்தோடு 1982-இல் ஒப்பந்தம் போட்டார். பணமும் ஆட்களும் ஐபிஎம் தரும், வளாகமும் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்துடையது. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஜேம்ஸ் மாரிஸ் தலைமையில் தகவல் தொழில்நுட்ப மையம் ஒன்று தொடங்கினார்கள். திட்டத்துக்கு வைத்த பெயர் 'ஆண்ட்ரூ'. பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும் ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் இருவருக்கும் அதுவே முதற்பெயர். ஒரே பெயரில் இரண்டு புரவலர்களையும் திருப்திப்படுத்திவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்.

இதில் நம் ஊர்க் கண்ணி ஒன்று உண்டு. அந்த ஃபைல் சிஸ்டத்தின் முதன்மை வடிவமைப்பாளர் மகாதேவ் சத்யநாராயணன், சென்னை ஐஐடியில் படித்தவர். 1975-இல் இயந்திரப் பொறியியல் பட்டம், 1977-இல் கணினி அறிவியலில் முதுநிலை, பிறகு கார்னகி மெலனில் 1983-இல் முனைவர் பட்டம். மெக்கானிக்கல் எடுத்துவிட்டோமே, இனி கம்ப்யூட்டர் பக்கம் போக முடியாதா என்று என்னிடம் அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக ஏஎஃப்எஸ். 5,000-க்கும் மேற்பட்ட கணினிகளைத் தாங்கவேண்டும் என்பது இலக்கு. சர்வர்கள் இருக்கும் பகுதிக்கு 'வைஸ்' என்றும், ஒவ்வொருவர் மேசையில் இருக்கும் பகுதிக்கு 'வர்ச்சூ' என்றும் பெயர் வைத்தார்கள். முதலாவது சொல்லுக்குத் தீயொழுக்கம் என்று பொருள், இரண்டாவதற்கு நல்லொழுக்கம். ஆராய்ச்சியாளர்கள் இரவில் கண்விழித்து வேலை செய்தால் இப்படித்தான் பெயர் வரும்.

முதல் மாதிரியைச் சுமார் 100 கணினிகள், 6 சர்வர்கள் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது, ஆனால் திணறியது. காரணம் தேடி அளந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. சர்வருக்கு வந்த அழைப்புகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு, ஃபைலை வாங்கவோ கொடுக்கவோ வந்தவை அல்ல. "என்னிடம் இருக்கும் நகல் இன்னும் செல்லுமா? ஃபைல் மாறிவிட்டதா? அதன் விவரம் என்ன?" என்று நச்சரித்தவை. பள்ளியில் ஒவ்வொரு பீரியடுக்கும் ஒவ்வொரு மாணவனும் அலுவலகத்துக்கு ஓடி "டைம்டேபிள் மாறிடுச்சா சார்?" என்று கேட்டால் எழுத்தர் எப்போது சம்பளப் பட்டியல் போடுவார்? அவர்கள் கண்ட தீர்வு: நீ கேட்காதே, மாறினால் நானே சொல்லி அனுப்புகிறேன் என்று சர்வர் வாக்குக் கொடுத்தது. 'கால்பேக்' என்று அதற்குப் பெயர். சர்வரின் சுமை மளமளவென்று குறைந்தது. 1988-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்கட்டுரையில் இந்த அளவீடுகள் எல்லாம் இருக்கின்றன.

என் கதைக்கு அதைவிட முக்கியமானது இரண்டாவது திருத்தம். முதல் மாதிரியில், எந்த ஃபைல் எந்த சர்வரில் இருக்கிறது என்ற தகவல் சர்வர்களின் அடைவுகளுக்குள்ளேயே புதைந்திருந்தது. ஒரு பேராசிரியரின் ஃபைல்களை நிறைந்துபோன ஒரு சர்வரிலிருந்து காலியான சர்வருக்கு மாற்றுவது நிர்வாகிகளுக்குப் பெரும்பாடு. அதனால் 1980-களின் நடுவில் 'வால்யூம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒருவரின் ஃபைல்கள் எல்லாம் ஒரு மூட்டை. அந்த மூட்டை எந்த சர்வரில் இருக்கிறது என்பது தனியே ஒரு பதிவேட்டில். மூட்டையை இடம் மாற்றிவிட்டுப் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அந்தப் பேராசிரியர் தன் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டே இருக்கலாம், மூட்டை நகர்ந்தது அவருக்குத் தெரியாது. அதோடு, வால்யூமின் நேற்றைய நிலையை ஒரு நகலாக வைத்துக்கொள்ளவும் முடிந்தது. ஃபைலை அழித்துவிட்டுக் கண்ணீரோடு வரும் மாணவனை 'ஓல்ட்ஃபைல்ஸ்' என்ற அடைவுக்குள் போய் நேற்றையதை எடுத்துக்கொள் என்று அனுப்பிவிடலாம்.

இந்த வால்யூமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகங்களைக் காப்பாற்றப் போவது இதுதான்.

அதே காலத்தில் மாசசூசெட்ஸ் எம்ஐடியில் 'அதீனா' திட்டம் நடந்துகொண்டிருந்தது. நம் குரோம்பேட்டை எம்ஐடி அல்ல, அமெரிக்காவில் இருப்பது. அங்கே ஐபிஎம், டெக் இரண்டு நிறுவனங்களும் 1983-இல் பணம் போட்டிருந்தன. அந்தத் திட்டத்தில் 'கெர்பரோஸ்' என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை பிறந்தது. நீ யார் என்பதை, கடவுச்சொல்லை வலைப்பின்னலில் அனுப்பாமலே நிரூபிக்கிற முறை. ஏஎஃப்எஸ் இதைத் தன் வாசல் காவலுக்கு எடுத்துக்கொண்டது. எம்ஐடியும் பின்னர் ஏஎஃப்எஸ்ஸை எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு பல்கலைக்கழகத்துப் பூட்டும் இன்னொரு பல்கலைக்கழகத்துப் பீரோவும் சேர்ந்தன.

1989-இல் ஆல்ஃபிரட் ஸ்பெக்டர் முதலானோர் கார்னகி மெலனிலிருந்து வெளியே வந்து 'டிரான்ஸார்க்' என்ற நிறுவனம் தொடங்கினார்கள். ஏஎஃப்எஸ் விற்பனைப் பொருள் ஆனது. 1994-இல் டிரான்ஸார்க்கை ஐபிஎம் வாங்கிக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் விளைந்த பொருளைப் பல்கலைக்கழகங்களே உரிமக் கட்டணம் கட்டி வாங்கும் நிலை வந்தது. இதை அநியாயம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். விதை போட்டதே ஐபிஎம்மின் பணம்தான். தவிர, ஓர் ஆய்வுக்கூட மாதிரியை இரவு இரண்டு மணிக்கும் நம்பத்தக்க பொருளாக மாற்றுவது தனி உழைப்பு. பிழைத்திருத்தம், கையேடு, புதிய இயங்குதளங்களுக்கு மாற்றித் தருவது, போனை எடுத்துப் பதில் சொல்வது, இத்தனையையும் முனைவர் பட்ட மாணவர்களைக் கொண்டு செய்ய முடியாது. மார்கன் ஸ்டான்லி போன்ற வங்கி நிறுவனம்கூட இதன்மேல் தன் வேலையை நடத்தியது என்றால், அந்த வணிக ஆதரவு இருந்ததால்தான்.

சிக்கல் எங்கே வந்தது? விற்கிறவரின் கவனம் வேறு பக்கம் திரும்பியபோது. டிரான்ஸார்க் 'டிஎஃப்எஸ்' என்ற அடுத்த தலைமுறைப் பொருளை உருவாக்கியிருந்தது. எதிர்காலம் அதில்தான் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. அது தனியாக வராது, டிசிஇ என்ற ஒரு பெரிய தொகுப்பையே கூட்டிக்கொண்டு வரும். ஒரு பீரோ கேட்டவனுக்குப் புது வீடு கட்டிக் குடிபோகச் சொன்ன கதை. பல இடங்கள் தயங்கி நின்றன. நின்றது நல்லதாயிற்று, ஏனென்றால் அந்த டிஎஃப்எஸ்ஸும் பின்னர் கைவிடப்பட்டது. இதற்கிடையில் வளாகங்களில் லினக்ஸ் கணினிகள் பெருகின. மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தது. ஒரு ஃபைல் 2 ஜிபி-க்கு மேல் போகக்கூடாது என்ற பழைய வரம்பு ஆய்வாளர்களின் கழுத்தை நெரித்தது. மூலநிரலுக்கு உரிமம் பெற்றிருந்த சில பல்கலைக்கழகங்கள் தாங்களே திருத்தங்கள் செய்துகொண்டன, ஆனால் அந்தத் திருத்தத்தை உரிமம் இல்லாதவரோடு பகிர முடியாது. ஸ்டாக்ஹோமின் கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'ஆர்லா' என்ற பெயரில் ஏஎஃப்எஸ் கிளையண்ட்டைத் தங்கள் சொந்தக் கையால் புதிதாகவே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

2000 ஆகஸ்டில் ஐபிஎம் அறிவித்தது: ஏஎஃப்எஸ்ஸின் மூலநிரலைத் திறந்து விடுகிறோம். அதே ஆண்டில் 'ஓப்பன் ஏஎஃப்எஸ்' பிறந்தது. ஐபிஎம் விற்றுக்கொண்டிருந்த 3.6 பதிப்புதான் அதன் அடித்தளம். விற்பனைப் பதிப்பும் சில ஆண்டுகள் கூடவே நடந்தது. லாபம் குறைந்த பொருளைத் தூக்கி எறிந்தார்களா, நல்ல மனசா என்று என்னைக் கேட்டால், இரண்டும் கலந்தது என்பேன். எப்படியானாலும் கதவை மூடிவிட்டுப் போகாமல் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். எத்தனையோ நிறுவனங்கள் அதைக்கூடச் செய்வதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மதிப்பெண் மென்பொருள் விற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் பத்து வருட மதிப்பெண்களைப் படிக்க முடியாத வடிவத்தில் விட்டுச் சென்றார்கள். கோடை விடுமுறை முழுக்க எழுத்தர்கள் கையால் மறுபடி ஏற்றினார்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சாவி கையில் கிடைத்த பிறகு பல்கலைக்கழகங்கள் எப்படித் திட்டம் போட்டன?

முதலில் அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பார்க்கவேண்டும். பழையதும் புதியதும் ஒரே மொழி பேசின. வலைப்பின்னலில் கிளையண்ட்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை மாறவில்லை. ஐபிஎம்மின் சர்வரோடு ஓப்பன் ஏஎஃப்எஸ் கிளையண்ட் பேசும், எதிர்ப்பக்கமும் அப்படியே. அதனால் ஒரு சனிக்கிழமை இரவில் எல்லாவற்றையும் நிறுத்தி, ஞாயிறு முழுக்க மாற்றி, திங்கள் காலை சாமி கும்பிட்டுத் திறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மாதக்கணக்கில் பாதி பழையது, பாதி புதியது என்று ஓட்டலாம். எங்கேயாவது இடறினால் அந்த ஒரு படியை மட்டும் பின்வாங்கலாம்.

அதனால் கிளையண்ட்டுகளை முதலில் மாற்றுவது வசதி. ஓர் ஆய்வகத்தின் முப்பது கணினிகளில் புதியதைப் போட்டு ஒரு பருவம் ஓட விடலாம். கெட்டால் முப்பது பேர் திட்டுவார்கள், முழு வளாகமும் திட்டாது. அதற்கும் முன்னால் தனியாக ஒரு குட்டி ஏஎஃப்எஸ்ஸைப் பரிசோதனைக்கென்று நிறுவிக்கொள்ளவேண்டும். இதைச் செலவு என்று நினைத்து வெட்டுகிற கமிட்டிகள் உண்டு. தம்பி, இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

அடுத்தது அந்தப் பதிவேடு, அதாவது எந்த மூட்டை எங்கே என்று சொல்லும் தரவுத்தள சர்வர்கள். வழக்கமாக மூன்று இருக்கும். மூன்றும் தங்களுக்குள் வாக்கெடுத்து ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்ளும், பெரும்பான்மை இருந்தால்தான் பதிவேட்டில் எழுத முடியும். ஐபி முகவரி எண் ஆகச் சிறியதாக இருப்பவருக்கு வாக்கெடுப்பில் சற்றுக் கூடுதல் எடை என்பது இதில் ஒரு வினோதம். இந்த மூன்றையும் வெகுகாலம் வேறுவேறு பதிப்பில் கலந்து வைத்திருப்பது நல்லதல்ல. அதோடு, வளாகத்தின் ஒவ்வொரு கணினியிலும் இந்த மூன்று சர்வர்களின் முகவரிகளை எழுதி வைத்த ஒரு சிறிய ஃபைல் இருக்கும். புது சர்வருக்குப் புது முகவரி கொடுத்தால் ஆயிரக்கணக்கான கணினிகளில் போய் அதைத் திருத்தவேண்டும். யாரோ ஒரு பேராசிரியரின் அறையில் மூலையில் கிடக்கும் கணினியை எல்லோரும் மறந்திருப்பார்கள், அதுவே முதலில் நின்றுபோகும். பழைய முகவரியைப் புது இயந்திரத்துக்கே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பிறகு ஃபைல் சர்வர்கள். இங்கே ஒரு பொறி இருந்தது. சோலாரிஸ் போன்ற பழைய யூனிக்ஸ் சர்வர்களில் ஏஎஃப்எஸ் தன் ஃபைல்களை வட்டில் ஒரு விசித்திரமான முறையில் வைத்திருந்தது. பெயர் இல்லாமல், அடைவு இல்லாமல், எண்ணை மட்டும் கொண்டு. விவரம் தெரியாத ஒருவர் அந்த வட்டில் வழக்கமான 'எஃப்எஸ்சிகே' பரிசோதனையை ஓட்டினால், அது இவற்றையெல்லாம் உரிமையாளர் இல்லாத அநாதைகள் என்று கருதிக் கலைத்துவிடும். இதற்காகவே தனியாக ஒரு பரிசோதனைக் கருவியை டிரான்ஸார்க் கொடுத்திருந்தது. லினக்ஸ் சர்வரோ வேறு முறையில், சாதாரண ஃபைல்களாகவே வைத்தது. அதனால் பழைய வட்டைக் கழற்றிப் புதிய லினக்ஸ் சர்வரில் மாட்டி வேலையை முடிக்க முடியாது.

இங்கேதான் வால்யூம் கைகொடுத்தது. புது சர்வர் ஒன்றைக் காலியாக நிறுத்து. பழைய சர்வரிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்து. 'வாஸ் மூவ்' என்று ஒரே கட்டளை. அது மூட்டையை ஒரு நகல் எடுத்து அனுப்பும். அனுப்புகிற நேரத்தில் மாறியதை மட்டும் கடைசியில் சில நொடி நிறுத்தி அனுப்பும். பதிவேட்டைத் திருத்தும். மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டும், பேராசிரியர்கள் கட்டுரை எழுதிக்கொண்டும் இருக்கும்போதே இது நடக்கும். பழைய சர்வர் காலியானதும் அதைத் துடைத்து, புதிய மென்பொருள் போட்டு, அடுத்த சர்வரின் மூட்டைகளை அதற்குள் இறக்கலாம். வெள்ளையடிக்கும்போது ஓர் அறைச் சாமானை அடுத்த அறைக்கு மாற்றி மாற்றி வீட்டையே முடிப்போமே, அப்படி. 1980-களில் நிர்வாகிகளின் புலம்பலைக் கேட்டு அந்த ஆய்வாளர்கள் செய்த திருத்தம், ஒரு நிறுவனத்தை விட்டு வெளியேறவும் வழியாக அமையும் என்று அன்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது பூட்டு. ஏஎஃப்எஸ்ஸோடு வந்த கடவுச்சொல் சர்வர், கெர்பரோஸின் பழைய நான்காம் பதிப்பைச் சார்ந்தது. உலகம் ஐந்தாம் பதிப்புக்குப் போய்விட்டது. வளாகத்தில் உள்ள அத்தனை பேரையும் ஒரே நாளில் கடவுச்சொல் மாற்றச் சொன்னால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நல்ல வேளையாக, பழைய சாவிகளை அப்படியே ஐந்தாம் பதிப்பின் பதிவேட்டுக்குள் கொண்டுபோக வழி இருந்தது. யாரும் கடவுச்சொல்லைத் தொடவில்லை. ஆனால் அந்தச் சாவிகள் டிஇஎஸ் என்ற பழைய குறியாக்கத்தில் செய்தவை, 56 பிட் நீளம். 1998-லேயே ஒரு தனி இயந்திரம் கட்டி 56 மணி நேரத்தில் அப்படிப்பட்ட ஒரு சாவியைக் கண்டுபிடித்துக் காட்டியிருந்தார்கள். இருந்தும் ஓப்பன் ஏஎஃப்எஸ் டிஇஎஸ்ஸை முழுமையாக விட்டு வெளியே வருவதற்கான வழி 2013 ஜூலையில்தான் வந்தது. பதினைந்து ஆண்டு தாமதம். குறை சொல்வது எளிது. அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலர், அவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை.

கமிட்டியில் பேசும்போது இந்தப் புள்ளியைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும். ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று கேட்டுத் தலையாட்டுகிற நிதி அதிகாரிகள் இருப்பார்கள். உரிமக் கட்டணம் மிச்சம்தான். அந்தப் பணத்தை மிச்சம் என்று வேறு செலவுக்கு எடுத்துவிட்டால் திட்டம் படுத்துவிடும். ஒப்பந்தத்தில் இருந்த ஆதரவு இப்போது ஆட்களில் இருக்கவேண்டும். நன்றாக மாறிய இடங்கள், மூலநிரலைப் படிக்கத் தெரிந்த ஓரிருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டவை. கார்னகி மெலன், எம்ஐடி போன்ற இடங்களில் ஊழியர்கள் தங்கள் வளாகத்துக்குத் திருத்தியதை எல்லோருக்குமாகத் திருத்தினார்கள். 2 ஜிபி வரம்பு உடைந்தது 2005-இல் வந்த 1.4 பதிப்பில். மேக் ஓஎஸ் எக்ஸ் கிளையண்ட்டை வளர்த்ததும் இந்தக் கூட்டுறவுதான். ஆள் இல்லாத இடங்கள், கட்டணத்துக்கு ஆதரவு தரும் சிறு நிறுவனங்களை அமர்த்திக்கொண்டன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூலநிரல் திறந்திருப்பதால், ஒரு நிறுவனம் சரியில்லை என்றால் இன்னொன்றைப் பார்க்கலாம், முன்பு அது முடியாது.

உரிம வாசகத்தையும் படிக்காமல் விடக்கூடாது. ஐபிஎம் திறந்து விட்டது உண்மை, ஆனால் தன் சொந்த உரிமத்தின் கீழ். லினக்ஸ் கருவகத்தின் ஜிபிஎல் உரிமத்தோடு அது ஒத்துப்போகாது. விளைவு, ஓப்பன் ஏஎஃப்எஸ் லினக்ஸோடு கலந்து வர முடியாமல் வெளியிலிருந்தே ஒட்டவேண்டியிருக்கிறது. லினக்ஸ் கருவகம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஏஎஃப்எஸ் பகுதியை மறுபடி தொகுக்கவேண்டும், சில சமயம் உடையும், யாராவது ஒட்டுப்போடும் வரை காத்திருக்கவேண்டும். 2000-இல் ஒரு வக்கீல் எழுதிய சில வரிகளுக்கு இன்றைக்கும் கணினி மையத்து ஊழியர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் தனி ஏஎஃப்எஸ் கிளையண்ட் ஒன்று பின்னாளில் முதலிலிருந்து எழுதி வளர்க்கப்பட்டது.

கம்பெனி இல்லாவிட்டால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. 2021 ஜனவரி 14, நம் பொங்கல் நாள். யூனிக்ஸ் கணினிகள் 1970-லிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன அல்லவா? அன்று நம் நேரப்படி பிற்பகல் 1 மணி 55 நிமிடம் 36-ஆம் நொடியில் அந்த எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியது. ஓப்பன் ஏஎஃப்எஸ்ஸின் 1.8 வரிசையில், இணைப்புக்கு எண் கொடுக்கும் பகுதியில் இருந்த ஒரு பிழை அந்த நொடியில் விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு புதிதாகத் தொடங்கப்பட்ட கிளையண்ட்டுகள் சர்வரோடு சரியாகப் பேச முடியாமல் தவித்தன. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தவை ஓடின. "கணினியை அணைத்துப் போடு, சரியாகிவிடும்" என்ற நம் நாட்டு வைத்தியத்தைச் செய்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மூலநிரல் கண்முன் இருந்ததால் உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் தேடினார்கள். திருத்தம் உடனே வந்தது, ஓரிரு நாளில் 1.8.7 பதிப்பும் வந்துவிட்டது. மாறாமல் பழைய 1.6 வரிசையிலேயே இருந்தவர்களுக்குத் தொல்லையே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும்.

ஏஎஃப்எஸ்ஸை உருவாக்கிய எட்டுப் பேருக்கு, சத்யநாராயணனையும் ஸ்பெக்டரையும் சேர்த்து, 2016-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. ஆனால் அதே காலத்தில் வெளியேற்றமும் தொடங்கிவிட்டது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் ஏஎஃப்எஸ்ஸிலிருந்து தானே உருவாக்கிய வேறு அமைப்புக்கு மாறத் திட்டமிட்டது. பல கல்வி நிறுவனங்கள் வேறு வழி போயின. கூகுள் கல்விக்கென்று வரம்பில்லாத சேமிப்பிடத்தைக் காசில்லாமல் கொடுத்தது. சொந்த சர்வர் எதற்கு, மின்சாரம் எதற்கு, இரவுப் பணியாளர் எதற்கு என்று ஃபைல்களை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது: 2022 ஜூலை முதல் ஒரு கல்வி நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து அடிப்படை அளவு 100 டிபி மட்டுமே. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அது எந்த மூலைக்கு?

மறுபடியும் கமிட்டி கூடியது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது, எதை எங்கே மாற்றுவது, யார் மாற்றுவது என்று கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். இந்த முறை 'வாஸ் மூவ்' இல்லை. ஒவ்வொரு பேராசிரியருக்கும் கடிதம் எழுதி, உங்கள் ஃபைல்களை இந்தத் தேதிக்குள் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவேண்டியிருந்தது.

தம்பி, உன் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தாளில் மூன்று பதில்களை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போ. பழைய சர்வரும் புதிய சர்வரும் எத்தனை மாதம் பக்கம் பக்கமாக ஓட முடியும், கடவுச்சொற்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன, இரவு இரண்டு மணிக்கு மூலநிரலைத் திறந்து பார்க்கப்போகும் அந்த ஆள் யார், அவர் சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது. மற்றதைப் பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது பேசிக்கொள்வோம்.